குளிர் ஊரிலும் என்ஜின் கொதிக்கும்

(ஆட்டோ ஓட்டும் இளைஞர்களுக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும் தோட்டப் பொது மண்டபத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நலன்புரி உத்தியோகத்தர்கள் கூட்டம் வைத்தால் என்ன பேசுவோம் என்பது உங்களுக்கு மனப்பாடம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், பிள்ளைக்குத் தடுப்பூசியைத் தவற விடாதீர்கள், சம்பள நாளில் சாராயக் கடைப் பக்கம் போகாதீர்கள், இதைத்தான் பேசுவோம். இன்றைக்கு அதெல்லாம் இல்லை. இன்றைக்கு ஆட்டோ என்ஜினைப் பற்றிப் பேசப் போகிறோம். "இவங்களுக்கு இது என்ன வேலை? கராஜ் பாஸ் பேச வேண்டிய விஷயமாச்சே!" என்று சிலர் நினைக்கலாம். ஆகவே காரணத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறோம்.

நமது டிவிஷன்களில் நிற்கிற ஆட்டோக்களில் பல எப்படி வந்தன? ஓர் அம்மா முப்பது வருஷம் மலையில் கொழுந்து எடுத்து, மழையும் அட்டைக் கடியும் பட்டு, பென்சன் போகிற நாளில் கையில் வாங்கிய சேமலாப நிதிப் பணம் அது. அதை முற்பணமாகக் கட்டி, மிச்சத்துக்கு லீசிங் போட்டு, மகனுக்கு எடுத்துக் கொடுத்த வண்டி. அந்த என்ஜின் ஒரு நாள் ஏற்றத்தில் ஜேம் பிடித்து நின்றால், நிற்பது வண்டி மட்டுமல்ல. அந்த மாதத்து லீசிங் காசும் நிற்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் நிற்கிறது. இரவு பன்னிரண்டு மணிக்குப் பிரசவ வலி வந்தால் லயத்து வாசலில் வந்து நிற்கப் போவதும் அதே வண்டிதான். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், மறக்க வேண்டாம். ஆனாலும் மேல்கணக்கு லயத்திலிருந்து பெரிய ரோட்டு வரைக்கும் நோயாளியைக் கொண்டு வருவது பல இடங்களில் நம்முடைய ஆட்டோதான். ஆகவே இது நலன்புரி விஷயம்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. என்ஜினைக் குளிர வைப்பது ஊர்க் குளிர் அல்ல. என்ஜின் மேல் ஓடுகிற காற்று. அந்தக் காற்றின் வழியை அடைக்காதீர்கள்.

குளிரை நம்ப வேண்டாம்

"நுவரெலியாக் குளிர்ல என்ஜின் எங்கே சூடாகப் போகுது? அது கொழும்புக்காரனுக்குத்தான்" என்று தம்பிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். கேட்க நியாயம் போலத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓடுகிற என்ஜினில் சிலிண்டர் ஹெட்டின் சூடு சாதாரணமாகவே 150 முதல் 200 பாகை வரை போகும். தண்ணீர் கொதிப்பது 100 பாகையில். கொழும்பில் பகல் காற்று சுமார் 30 பாகை என்றால் நமது பக்கம் 18, 20 பாகை. வித்தியாசம் பத்துப் பன்னிரண்டு பாகைதான். 180 பாகையில் நிற்கிற உலோகத்துக்கு இந்தப் பன்னிரண்டு பாகை யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இன்னொன்றும் உண்டு. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்று மெலிந்துகொண்டே போகும். கொழும்பில் ஒரு பெட்டி நிறைய இருக்கிற காற்றோடு ஒப்பிட்டால், நுவரெலியாவில் அதே பெட்டியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவாகத்தான் காற்று இருக்கும். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அது தள்ளுகிற காற்றின் எடை குறைவு. அதாவது குளிர் தருகிற நன்மையில் ஒரு பகுதியை உயரமே பறித்துக்கொள்கிறது. அதற்கு மேல் நமது ரோட்டைப் பாருங்கள். கினிகத்தேனை ஏற்றமும் றம்பொடை ஏற்றமும் கொழும்பிலா இருக்கின்றன?

என்ஜின் எப்படிக் குளிர்கிறது?

இந்த ஆட்டோ என்ஜினின் பூர்வீகம் ஸ்கூட்டர். இத்தாலி நாட்டில் பியாஜியோ கம்பனி 1946ல் வெஸ்பா ஸ்கூட்டரை வெளியிட்டது. அதை வடிவமைத்தவர் கொராடினோ தஸ்கானியோ. ஆகாய விமானம், ஹெலிகொப்டர் வேலை தெரிந்த என்ஜினியர். 1948ல் அதே ஸ்கூட்டரை வைத்து 'ஆப்பே' என்ற மூன்று சக்கரச் சாமான் வண்டியைச் செய்தார்கள். இந்தியாவில் பஜாஜ் கம்பனி 1960களில் பியாஜியோவின் அனுமதியோடு இந்த வண்டிகளைச் செய்தது. பிறகு 1970களில் சேதக் ஸ்கூட்டரும், என்ஜினைப் பின்னால் வைத்த ஆட்டோவும் வந்தன. நமது ஊர் ரோட்டில் ஓடுவது அந்த வம்சம்தான்.

மோட்டார் சைக்கிளைப் பாருங்கள். அதன் என்ஜின் வெளியே திறந்து நிற்கும். வண்டி ஓட ஓட எதிர்காற்று நேரே என்ஜினில் அடிக்கும். ஸ்கூட்டரிலும் ஆட்டோவிலும் அப்படி இல்லை. என்ஜின் மூடிக்குள்ளே ஒளிந்திருக்கிறது. எதிர்காற்று அங்கே போகாது. அதனால் மெக்னெட் சக்கரத்தோடு ஒரு ஃபேனை இணைத்து வைத்தார்கள். என்ஜின் சுற்றினால் ஃபேனும் சுற்றும். அது இழுக்கிற காற்றை ஒரு கவர், அதாவது ஒரு கூடு, வளைத்துப் பிடித்து சிலிண்டர் மேலும் ஹெட் மேலும் செலுத்தும். சிலிண்டரைச் சுற்றி அடுக்கடுக்காய்த் தகடுகள் இருக்குமே, பாஸ்மார் 'ஃபின்ஸ்' என்பார்கள், அந்தத் தகடுகளுக்கு இடையே காற்று புகுந்து சூட்டை அள்ளிக்கொண்டு வெளியே போகும்.

ஸ்டோரில் வேலை செய்கிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கொழுந்து வாட்டுகிற நீளத் தொட்டி இருக்கிறதல்லவா? ஒரு முனையில் பெரிய ஃபேன். அது தள்ளுகிற காற்று கம்பி வலைக்குக் கீழே போய், கொழுந்துக்குள் புகுந்து மேலே வருகிறது. தொட்டியின் பக்கப் பலகையில் ஓர் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? காற்றெல்லாம் அந்த ஓட்டை வழியாகப் போய்விடும், கொழுந்து வாடாது. ஃபேன் வாயில் ஒரு சாக்கைப் போட்டு மூடினால்? ஃபேன் சத்தம் போடும், காற்று வராது. காற்று எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். தொட்டிக்கு உள்ள நியாயம்தான் என்ஜினுக்கும்.

ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வையுங்கள். பெற்றோல் எரிகிற சூட்டில் நாலில் ஒரு பங்கு அளவுதான் சக்கரத்தைச் சுற்றுகிற பலமாக மாறுகிறது. மிச்சமெல்லாம் சூடாகத்தான் வெளியே போக வேண்டும். கொஞ்சம் சைலன்சர் வழியாகப் போகும். கொஞ்சம் அந்தத் தகடுகள் வழியாகத்தான் போக வேண்டும். போக வழி இல்லாவிட்டால் அது உள்ளேயே தங்கும்.

தங்கினால் என்ன நடக்கும்? பழைய 2 ஸ்ட்ரோக் என்ஜினில் பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. சூடு ஏறினால் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிஸ்டன் பருத்துக்கொண்டே போகும், சிலிண்டர் அந்த அளவுக்கு இடம் விடாது. நடுவில் இருக்கிற எண்ணெய்ப் படலம் கருகிவிடும். பிறகு உலோகத்தோடு உலோகம் உரசும். அதைத்தான் 'ஜேம்' என்கிறோம்.

உடம்பை மாற்றினால் மூச்சையும் யோசியுங்கள்

2008ல் 2 ஸ்ட்ரோக் ஆட்டோ இறக்குமதியை அரசாங்கம் நிறுத்தியது. அந்த ரகத்தில் இன்னும் ஓடுகிறவை எல்லாம் அதற்கு முந்திய வண்டிகள். பிறகு 2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டு, 2025ல்தான் திரும்பவும் திறந்தது. இடையில் புது வண்டியை இறக்குமதி செய்ய வழி இல்லை. பழைய வண்டியைப் பிரித்து, தட்டி, வெல்டிங் வைத்து, புது உடம்பு போட்டுப் பலரும் ஓட்டத் தொடங்கினார்கள். அதை நாங்கள் குறை சொல்லவில்லை. கையில் வேலை இருக்கிற பிள்ளைகள், செய்யட்டும். ஆனால் உடம்பு கட்டுகிறபோது மூச்சுக் குழாயை மறந்துவிடுகிறார்கள். எங்கள் கண்ணில் படுகிற தவறுகளைச் சொல்கிறோம்.

முதலாவது, ஃபேன் கவரைக் கழற்றி எறிவது. "திறந்து விட்டா நல்லாக் காத்துப் படும்" என்று நினைக்கிறார்கள். தொட்டியின் பலகையைக் கழற்றினால் கொழுந்து வாடுமா? கவர் இல்லாவிட்டால் ஃபேன் தள்ளுகிற காற்று நாலா பக்கமும் சிதறிப் போகும், தகடுகளுக்குள் புகாது. கவரின் ஓர் ஆணி குறைந்தாலும், மூலையில் ஒரு வெடிப்பு இருந்தாலும் அதே கதைதான். பழைய ஸ்கூட்டரை வடிவாகக் கட்டுகிற பிள்ளைகள் பக்கத்து மூடியைக் கழற்றினால் பரவாயில்லை. சிலிண்டரை மூடியிருக்கிற கவரைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, காற்று உள்ளே வருகிற வாயை அடைப்பது. பின்பக்கம் வரிவரியாக, ஜன்னல் போலத் திறப்பு இருக்கும். அதன் மேல் படம் ஒட்டுகிறார்கள், தகரம் அடிக்கிறார்கள், றெக்சின் போடுகிறார்கள். உள்ளே ஸ்பீக்கர் பெட்டி வைக்கிறார்கள். ஃபேனின் வாய் எவ்வளவு பெரிதோ, காற்று வருகிற வழி எந்த இடத்திலும் அதைவிடச் சிறிதாக இருக்கக் கூடாது. வலை அடித்தால் வலைக் கம்பியும் இடத்தைப் பிடிக்கும்; அதனால் திறப்பை இன்னும் பெரிதாக விடுங்கள்.

மூன்றாவது, போகிற வழியை மறப்பது. இதுதான் பலருக்குத் தெரியாதது. பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிற சூன் பான் வண்டியைப் போல, மரக்கறி வண்டியைப் போல, பின்னால் பெட்டி கட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். சூடான காற்று வெளியேற வழி இல்லாமல் பெட்டிக்குக் கீழேயே சுற்றிக்கொண்டிருந்தால், ஃபேன் அந்தச் சூட்டுக் காற்றையே திரும்பவும் இழுக்கும். அடுப்பங்கரையில் புகைபோக்கி இல்லாமல் விறகு எரிப்பது மாதிரி. உள்ளே வருகிற காற்றுக்கு ஒரு வழி, வெளியே போகிற காற்றுக்கு வேறு வழி, இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு. இது அவசியம்.

நான்காவது, தகடுகள் மேல் தடிப்பாகப் பெயின்ட் அடிப்பது. கம்பளி போர்த்துவது போலத்தான் அதுவும். அடிப்பதென்றால் சூடு தாங்கும் பெயின்ட், மிக மெல்லிதாக ஒரு பூச்சுப் போதும்.

ஐந்தாவது, பெரிய சிலிண்டர் போடுவது, சத்தமான சைலன்சர் போடுவது, எயார் ஃபில்டரைக் கழற்றுவது. பெரிய சிலிண்டர் கூடுதல் பெற்றோலை எரிக்கும், கூடுதல் சூட்டைத் தரும். ஃபேன் பழைய ஃபேன்தானே? சைலன்சரையும் ஃபில்டரையும் மாற்றினால் என்ஜினுக்குள் போகிற காற்று கூடும், பெற்றோல் அதற்கு ஏற்பக் கூடாது. காற்றுக் கூடிப் பெற்றோல் குறைந்த கலவை சூடாக எரியும். அதோடு ஃபில்டர் இல்லாவிட்டால் ரோட்டுப் புழுதி முழுவதும் பிஸ்டனுக்குத்தான்.

வண்டியின் அமைப்பை மாற்றுவதற்கு முன்னால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அனுமதி விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செலவழித்துக் கட்டிவிட்டுப் பிறகு பொலிசுக்குப் பதில் சொல்ல நேர வேண்டாம்.

ஓர் இரவு நடந்தது

அயல் தோட்டமொன்றில் நடந்ததைச் சொல்கிறோம். பேர் ஊர் வேண்டாம். அந்தத் தம்பி நல்ல உழைப்பாளி. வண்டியை ஆசையாகக் கட்டினார். ஆசனத்துக்குப் பின்னால் இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. பின்பக்கத் திறப்பை மூடி வண்ணப் படம் வரைந்த ஒரு தகடு. பார்க்க வடிவாகத்தான் இருந்தது. டவுனுக்குள் மூன்று மாதம் ஓடியபோது ஒரு குறையும் தெரியவில்லை.

ஒரு நாள் இரவு ஒரு தாய்க்குப் பிரசவ வலி. டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தாய், புருஷன், மாமியார், துணி மூட்டை. அவசரம் பாருங்கள், கியரை இறக்காமல் மூன்றாம் கியரிலேயே ஏற்றத்தில் இழுத்திருக்கிறார். பாதி ஏற்றத்தில் என்ஜின் பலம் குறைந்தது, ஒரு கீச்சுச் சத்தம், வண்டி நின்றது. மூடுபனி. போனுக்குச் சிக்னல் இல்லை. அரைமணி நேரம் கழித்து வந்த மரக்கறி லொறிதான் அவர்களை ஏற்றிக்கொண்டு போனது. தாயும் பிள்ளையும் நலம். அது அவர்களின் அதிர்ஷ்டம்.

மறுநாள் கராஜில் என்ஜினைத் திறந்தால் பிஸ்டனில் கீறல் கீறலாகக் கோடு. பாஸ் பின்பக்கத் தகட்டைக் கழற்றி அந்தத் தம்பியின் கையிலேயே கொடுத்து, "ஒங்க பிஸ்டனை முடிச்சது இதுதான்" என்றாராம். டவுனில் மூன்று மாதம் தெரியாத குறை, சுமை ஏற்றி மலை ஏறிய அன்றைக்குத்தான் தெரிந்தது. குறை எப்போதும் அவசரமான நாளில்தான் வெளியே வரும்.

ஏற்றத்தில் ஓட்டும் முறை

ஃபேன் சுற்றுவது வண்டியின் வேகத்துக்கு அல்ல, என்ஜினின் வேகத்துக்கு. இது விளங்கினால் பாதி விஷயம் விளங்கியது மாதிரி. பெரிய கியரில் எக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்து, 'டுக் டுக்' என்று இழுத்து ஏறும்போது என்ன நடக்கிறது? பெற்றோல் நிறைய எரிகிறது, சூடு நிறைய வருகிறது. ஆனால் என்ஜின் மெதுவாகச் சுற்றுவதால் ஃபேனும் மெதுவாகத்தான் சுற்றுகிறது. அடுப்பை ஏற்றி வைத்துவிட்டு விசிறியைக் குறைத்த மாதிரி.

ஆகவே ஏற்றம் வருவதற்கு முன்பே கியரை இறக்குங்கள். என்ஜின் சுறுசுறுப்பாகச் சுற்றட்டும், எக்ஸிலேட்டரைப் பாதியில் வையுங்கள். வேகம் குறையும், குறையட்டும். கொழுந்துக் கூடையோடு மலை ஏறுகிற நமது தாய்மார் எப்படி ஏறுகிறார்கள்? சின்னச் சின்ன அடியாக வைத்து, ஒரே சீராக. எட்டி எட்டி அடி வைத்தால் மூச்சு வாங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதுதான் சின்னக் கியர்.

மூன்று பேர் ஏறுகிற வண்டியில் ஆறு பிள்ளைகளை ஏற்றாதீர்கள். அது முதலில் பிள்ளைகளின் உயிருக்கு ஆபத்து, அடுத்து என்ஜினுக்கு. டயரில் காற்றுக் குறைந்தாலும், பிரேக் பிடித்துக்கொண்டே சுற்றினாலும், அந்தச் சுமையும் என்ஜின் தலையில்தான். வண்டியை நிறுத்திச் சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறதென்றால் அங்கே பிரேக் இறுகி இருக்கிறது.

நீண்ட ஏற்றம் ஏறி முடிந்ததும் உடனே ஓப் பண்ண வேண்டாம். என்ஜினை ஓப் பண்ணினால் ஃபேனும் நின்றுவிடும். சூடு உள்ளேயே அடைபடும். ஒன்றிரண்டு நிமிஷம் சும்மா ஓட விடுங்கள். ஃபேன் சூட்டை வெளியே தள்ளட்டும். பிறகு நிறுத்துங்கள்.

இறக்கமும் காபரேட்டரும்

இறக்கத்தில் என்ஜினுக்கு வேலை இல்லை என்று நினைக்க வேண்டாம். பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஊற்றுகிற 2 ஸ்ட்ரோக் வண்டியில், எண்ணெய் உள்ளே போவது பெற்றோலோடு சேர்ந்துதான். எக்ஸிலேட்டரை முழுவதும் மூடிவிட்டு, கியரில் வைத்து நீண்ட இறக்கம் இறங்கினால், என்ஜின் வேகமாகச் சுற்றும், எண்ணெயோ சொட்டுத்தான் போகும். அதனால் இடையிடையே கிளட்சைப் பிடித்து எக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். அதற்காக நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வராதீர்கள். முழுச் சுமையும் பிரேக்குக்குப் போய் பிரேக் சூடாகி, பிடிக்காமல் போனால் பள்ளம்தான். 4 ஸ்ட்ரோக் வண்டிக்கு எண்ணெய் தனியாக இருக்கிறது. அதன் அளவைக் கிழமைக்கு ஒரு தடவை பாருங்கள், நேரத்துக்கு மாற்றுங்கள். அந்த எண்ணெயும் சூட்டை ஏந்திக்கொண்டு போகிற சாமான்தான்.

காபரேட்டர் விஷயம் நம்மைப் போன்ற மலைநாட்டாருக்கே உரியது. மேலே காற்று மெலிவு என்று சொன்னோம். கொழும்புக்கு அமைத்த காபரேட்டரை இங்கே போட்டால் காற்றுக் குறைந்து பெற்றோல் கூடிவிடும்; பிளக் கறுக்கும், புகை வரும். உடனே பெற்றோல் மிச்சம் என்று சிலர் சின்ன ஜெட் போடுகிறார்கள். நுவரெலியாவுக்குள் ஓடும் வரை அது சரி. அதே வண்டியில் கண்டிக்கு ஒரு ஹயர் வருகிறது. கண்டி சுமார் 500 மீற்றர் உயரம். 1,300 மீற்றருக்கு மேல் இறங்கிவிட்டீர்கள். அங்கே காற்றுக் கனம். சின்ன ஜெட் தருகிற பெற்றோல் அந்தக் காற்றுக்குப் போதாது. கலவை வறண்டு, என்ஜின் கொதிக்கும். திரும்பி வருகிறபோது, அதே வறண்ட கலவையோடு, ஆள் ஏற்றி, றம்பொடை ஏற்றத்தைத் தொடங்குவீர்கள். பிஸ்டன் தலையில் ஓட்டை விழுவது இப்படித்தான். மேலும் கீழும் ஓடுகிறவர்கள் கம்பனி போட்ட ஜெட்டையே வைத்துக்கொள்ளுங்கள். அதனால் போவது கொஞ்சம் பெற்றோல். சின்ன ஜெட்டால் போவது என்ஜின்.

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் என்ஜினின் உடம்பு விளங்கும். வைத்தியர் நாக்கை நீட்டச் சொல்வது மாதிரி. முனை சொக்லட் நிறமாக இருந்தால் நல்லது. கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால் பெற்றோல் கூட. சாம்பல் மாதிரி வெளுத்திருந்தால் சூடு கூட. அன்றைக்கே பாஸிடம் காட்டுங்கள். காபரேட்டர் அடியில் கஸ்கட் வெடித்துக் காற்று இழுக்கலாம், இக்னிஷன் டைமிங் தவறி இருக்கலாம், பிளக் ரகம் மாறி இருக்கலாம். பெற்றோலில் மண்ணெண்ணெய் கலக்கவே வேண்டாம். என்ஜினுக்குள் தட்டுகிற சத்தம் வரும், அந்தத் தட்டல் பிஸ்டனை உடைக்கும்.

சுத்தம்

மழைக் காலத்தில் சேறு, வெயில் காலத்தில் புழுதி. அதோடு ஒழுகுகிற எண்ணெய். மூன்றும் சேர்ந்து தகடுகளுக்கு நடுவே களிமண் போல இறுகிவிடும். வெளியே பளபளப்பாக மெழுகு பூசி, உள்ளே இப்படி வைத்திருந்தால் என்ன பிரயோசனம்? மாதம் ஒரு தடவை, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு, கவரைக் கழற்றி, பிரஷ் போட்டு, சவர்க்காரத் தண்ணீரால் தேய்த்து எடுங்கள். பிளக்கையும் காபரேட்டர் வாயையும் முதலில் மூடிக்கொள்ளுங்கள். ஃபேனின் இலைகளில் ஒன்று உடைந்திருந்தாலும் மாற்றுங்கள். புல், சேலைத் துண்டு, பொலித்தீன் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். சூடான என்ஜினில் ஓடைத் தண்ணீரை அள்ளி ஊற்றாதீர்கள். சூட்டுக் கல்லில் பச்சைத் தண்ணீர் விட்டால் வெடிக்கும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். உலோகமும் வெடிக்கும், வளையும்.

காற்று சரியாக ஓடுகிறதா என்று பார்க்கச் சுலபமான வழி ஒன்று. ஒரு குச்சியின் நுனியில் மெல்லிய நூலைக் கட்டுங்கள். நியூட்ரலில் என்ஜினை ஓட விட்டு, வெளியே போகிற வழியில் ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். நூல் வெளிப்பக்கமாகப் பறக்க வேண்டும். உள்ளே வருகிற வழியில் பிடித்தால் உள்பக்கமாகச் சாய வேண்டும். இரண்டு இடத்திலும் நூல் சும்மா தொங்கினால் வழி அடைபட்டிருக்கிறது. கையையும் சேலைத் தலைப்பையும் ஃபேனுக்குக் கிட்டக் கொண்டு போகாதீர்கள். ஊதுபத்தி, தீக்குச்சி வைத்துப் பார்க்கவே வேண்டாம். அது பெற்றோல் இருக்கிற இடம்.

சூடு ஏறிவிட்டால்

என்ஜின் சூடாகிவிட்டது என்பதைக் காட்டும் அடையாளங்கள் உண்டு. வழமையாக ஏறுகிற ஏற்றத்தில் பலம் குறையும். கிணுகிணு என்று சத்தம் வரும். எண்ணெய் கருகிய நாற்றம் வரும். 2 ஸ்ட்ரோக் வண்டி ஓடுகிறபோதே என்ஜின் இறுகுவது போல ஒரு பிடிப்பு வந்தால், அந்தக் கணமே கிளட்சைப் பிடியுங்கள். பிடிக்காவிட்டால் பின்சக்கரமும் சேர்ந்து இறுகி, வண்டி வழுக்கும். கிளட்சைப் பிடித்தபடி ஓரமாக நிறுத்தி, ஆட்களை மதிற்பக்கமாக இறக்குங்கள். சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அரைமணி நேரமாவது ஆற விடுங்கள். உடனே ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதுதான் சின்னச் சேதத்தைப் பெரிய சேதமாக்குகிறது. ஆறிய பிறகு ஓடினாலும் நேரே கராஜுக்குத்தான்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை

தாய்மார்களே, தகப்பன்மார்களே, இதெல்லாம் ஆம்பிளைப் பிள்ளைகள் விஷயம் என்று விட்டுவிட வேண்டாம். அந்த வண்டி உங்கள் கை நகத்தில் படிந்த கொழுந்துக் கறை. மகன் ஸ்பீக்கர் வாங்கக் காசு கேட்டால், "பின்னால காத்துப் போக வழி இருக்கா தம்பி?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். இரவு ஒரு மணிக்கு ஹயர் போகும் பிள்ளையிடம், "மெதுவா சின்னக் கியர்ல ஏறு" என்று சொல்லி அனுப்புங்கள். அவர்கள் சிரிப்பார்கள். சிரித்தாலும் ஏற்றம் வருகிறபோது ஞாபகம் வரும்.

தம்பிமார்களே, வண்டியை அலங்கரிக்க வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நாள் முழுவதும் அதில்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள், வடிவாக இருக்கட்டும், பாட்டும் கேட்கட்டும். வழியை மட்டும் விட்டுவிட்டு அலங்காரம் செய்யுங்கள்.

வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு இந்த மண்டபத்து முற்றத்துக்கு வண்டிகளோடு வாருங்கள். டவுன் கராஜிலிருந்து ஒரு பாஸ் வரச் சம்மதித்திருக்கிறார். பிரஷ், சவர்க்காரம், குச்சி, நூல் எல்லாம் எங்களிடம் இருக்கும். காசு இல்லை. முதல் நாள் இரவே வண்டியை நிறுத்தி ஆற விட்டு, முற்றத்துக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தால் போதும். ஒவ்வொரு வண்டியாகப் பார்ப்போம்.